மாப்பிள்ளையோட பழைய ஆல்பம்

பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க அக்கா. அப்படிச் சொல்றவங்களக் கண்டா எனக்கே எரிச்சலா வரும். பயந்தா பயந்துக்குங்க. சித்த நேரம் இந்த வேப்பமரத்தடியில உக்காருங்க. தண்ணி குடிங்க. வண்டி எங்கயும் ஓடிப் போயிறாது. கை நடுக்கம் நின்னதும் மறுக்கா ஏறிக்கலாம்.

கம்ப்யூட்டர்ல வேலை பாத்த பொம்பள எதுக்கு இந்த வெய்யில்ல வந்து பொம்பளைங்களுக்கு ஸ்கூட்டர் கத்துக் குடுக்கறான்னு கேட்டீங்கல்ல. எல்லார்த்துகிட்டயும் நான் சொல்றதில்ல. உக்காந்தே இருந்து முதுகுவலி வந்துருச்சுன்னு சொல்லிருவேன். அது பொய்யும் இல்ல. நீங்க மகளுக்கு வரன் பாத்துட்டு இருக்கறதாச் சொன்னீங்க, அதனால உங்ககிட்டச் சொல்றேன். எங்க, யாரு, எந்த ஊருன்னு வெளிய போயிச் சொல்லிறாதீங்க. எனக்காக இல்ல. எனக்கு இப்ப பயமெல்லாம் ஒண்ணும் கெடையாது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சந்துல ஒரு கலர் லேப்புங்க. அங்க நான் ஆல்பம் டிசைன் பண்றவ. போட்டோகிராபருங்க கல்யாணத்துல எடுத்ததக் கொண்டாந்து குடுப்பாங்க, ஆயிரக்கணக்குல இருக்கும். அதுல நல்லதாப் பொறுக்கி, பக்கம் பக்கமா அடுக்கி, மொகத்துல பரு இருந்தா எடுத்துட்டு, கண்ணுக்குக் கீழ கருப்பு இருந்தா வெளுத்துட்டு, அழுது வீங்குன மூஞ்சிய சிரிச்ச மூஞ்சியாக்கி, புத்தகமாக் குடுக்கறதுதான் எம் பொழப்பு. கல்யாணத்துக்கு முந்தியே அந்த நாற்காலியில உக்காந்தவ. கல்யாணமாகி வந்தும் அதே நாற்காலி. ஒரு கல்யாணத்துக்கும் நேர்ல போகாம ஜில்லாவுல பாதிக் கல்யாணத்தப் பாத்தவ நீதான்னு எங்கூட்டுக்காரர் கேலி பண்ணுவாரு.

எனக்கு மொகம் மறக்காதுங்க. பேரு மறந்துரும், ஊரு மறந்துரும், மொகம் மறக்காது. பஸ்ஸுல எதுத்தாப்ல ஒருத்தர் உக்காந்திருப்பாரு, இவரு மூக்கு மேல இருந்த தழும்ப நாம எடுத்து உட்டமேன்னு தோணும். அவருக்கு என்னைத் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் அந்த வேலையில சொகமே. யாரும் நம்மளப் பாக்க மாட்டாங்க. நான் பொறப்புலயே பயந்தாங்கொள்ளி. ரோட்டத் தாண்டறதுன்னா பக்கத்துல யாராச்சும் தாண்டற வரைக்கும் நின்னுக்குவேன். எனக்கு அந்த நாற்காலி ரொம்பத் தோதா இருந்துச்சு.

அது ஆவணி மாசமுங்க. முகூர்த்தம் நெருங்கற சமயம், மூச்சு விட நேரமிருக்காது. ஜெகநாதன்னு ஒரு போட்டோகிராபர், எங்க லேப்புக்கு ரொம்ப நாளா வர்றவரு, ஒரு சின்ன வேலை கொண்டாந்தாரு. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணும் மாப்பிள்ளையும் அணை, தோப்புன்னு போயி எடுத்துக்கறாங்களே, அந்தப் படங்க. குடுத்துட்டுப் போறப்ப, மாப்பிள்ளைக்கு எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்குது, அத மட்டும் நெரப்பி உடச் சொன்னாருன்னு சொன்னாரு.

படத்தப் பெருசு பண்ணிப் புருவத்துகிட்டப் போனேன். போனதும் கை நின்னு போச்சு. இந்த வெட்ட நான் முன்னாலயே நெரப்பியிருக்கேன். ஒரு படத்துல இல்லீங்க, ஒரு ஆல்பம் முழுக்க. தாலி கட்டறதுல, மாலை மாத்தறதுல, பந்தியில, எல்லாத்துலயும்.

பழைய டிஸ்க்க எடுத்துப் போட்டுத் தேடுனேன். கெடச்சுது. அதே ஆளு. அப்ப இன்னம் கொஞ்சம் ஒல்லி. பக்கத்துல நின்ன பொண்ணு வேற. உருண்டை மொகம், முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சின்ன எடவெளி. இந்துமதின்னு ஆல்பத்து மேல நான்தான் பொன்னெழுத்துல போட்டிருக்கேன்.

சரி, ரெண்டாந்தாரமாக் கட்டறது ஒண்ணும் குத்தமில்லையே. ஆனாலும் மனசு கேக்காம ஜெகநாதன்கிட்டப் பேச்சுவாக்குல கேட்டேன். பாவம் கோகிலா, மொதச் சம்சாரம் டெங்குக் காய்ச்சல்ல போயிருச்சாம், பொண்ணூட்ல எல்லாந் தெரிஞ்சுதான் குடுக்கறாங்கன்னு சொன்னாரு. எனக்கு அந்த ஆளு மேல எரக்கம் வந்துருச்சுங்க. நெசமாச் சொல்றேன். புருவத்த முன்னவிட நல்லாவே நெரப்பி உட்டேன்.

அந்த ஜெகநாதன் போயி, உங்க பழைய கல்யாணப் படமெல்லாம் லேப்புல அப்படியே இருக்குதுங்கன்னு மாப்பிள்ளைகிட்ட வெள்ளந்தியாச் சொல்லியிருக்காரு. அடுத்த நாளே போன் வந்துச்சு. பேரு ஹரிபிரசாத்துன்னு சொன்னாரு. அவ்ளோ மெல்லிசான கொரலு. அந்தப் படங்கள நெனச்சாலே தூக்கம் வர்றதில்ல, புதுப் பொண்ணு மனசும் சங்கடப்படக் கூடாது, அழிச்சுட்டா புண்ணியமாப் போகும்னு கேட்டாரு. நானும் சரிங்கன்னு சொல்லிட்டேன்.

எங்க ஓனர் சிவசண்முகம் அண்ணனுக்கு ஒரு பழக்கமுங்க. எத அழிக்கறதா இருந்தாலும் ஆல்பம் போடச் சொன்னவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லோணும். முன்ன ஒருதரம் கேக்காம அழிச்சு, ஒருத்தர் கடை வாசல்ல வந்து சத்தம் போட்டுட்டாரு. அந்தப் பழைய ஆல்பத்தப் போடச் சொன்னது பொண்ணூட்டுக்காரங்க. கொடுமுடிப் பக்கம். நம்பர் இருந்துச்சு, போட்டேன். வயசான கொரலு எடுத்துச்சு. நாச்சிமுத்துன்னு பேரு, அந்தப் பொண்ணோட அப்பா.

நான் லேப்புல இருந்து பேசறேங்க, இந்துமதி கல்யாணப் படம் இருக்குது, மாப்பிள்ளைக்கு மறுக்கா கல்யாணமுங்க, அதனால அழிச்சறலாம்னு இருக்கறமுங்கன்னு சொன்னேன்.

"எம் புள்ள படமா?"ன்னாரு. "உங்ககிட்ட இருக்குதா அம்மிணி?"

ஆமாங்கன்னேன்.

"ஆல்பத்த நாங்க காவேரியில உட்டுட்டமுங்க. அவன் மூஞ்சி இல்லாத பக்கமே இல்ல அதுல. இப்ப அவ சேலை கட்டி நின்ன படம் ஒண்ணுகூட ஊட்ல இல்ல."

காய்ச்சல்ல போயிட்டதாச் சொன்னாங்க, ரொம்பச் சங்கடமா இருந்துச்சுங்கன்னு சொல்லி வெச்சேன்.

"அவளுக்குக் காய்ச்சலெல்லாம் ஒண்ணும் வரலீங்க"ன்னாரு. "மொட்டை மாடியில துணி காயப் போட்டப்ப உழுந்துட்டான்னு தூக்கிக் குடுத்தாங்க."

அப்பறம் அவரா பேசிட்டே இருந்தாரு. கல்யாணம் ஆகி வருசங்கூடத் திரும்பல. சாகறதுக்கு முந்துன நாளு அம்மாவுக்குப் போன் பண்ணி, நான் அங்க வந்து கொஞ்ச நாளு இருந்துக்கட்டுமான்னு கேட்டிருக்கா. அந்தம்மா, பொங்கலுக்குத்தான் வரப்போறியே சாமி, அதுக்குள்ள என்னன்னு கேட்டிருக்குது. அதிகாரிங்க வந்து விசாரிச்சாங்களாம். பாத்த ஆளு யாருமில்ல. கால் தவறிட்டதா முடிச்சுட்டாங்களாம். அவரு அழுவலீங்க. அழுதிருந்தாக்கூட எனக்குப் பரவால்லாம இருந்திருக்கும். கடைசியா ஒண்ணு மட்டும் கேட்டாரு. அழிச்சறாத அம்மிணின்னாரு.

எல்லாத்தையும் ஒரு பென் டிரைவுல ஏத்தி, என் சாப்பாட்டுப் பையில டிபன் சம்படத்துக்கு அடியில போட்டுக்கிட்டேன். கொரியர்ல அனுப்பிரலாம், அதோட நம்ம சோலி முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளையே நேர்ல வந்துட்டாரு.

ஓனர் அண்ணன் வெளிய போயிருந்தாரு. மத்தவங்க சாப்பிடப் போயிட்டாங்க. வெள்ளைச் சட்டை, நல்லாத் தேச்சது. கையில ஸ்வீட் பாக்ஸு. எல்லாருக்கும் குடுங்கக்கான்னு மேசையில வெச்சாரு. ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு என் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. எத்தன பக்கத்துல தெரியுங்களா, அவரு மூச்சு என் காதுல படற தூரம்.

புருவம் நல்லா வந்திருக்குது, எங்கம்மாகூட இவ்ளோ உத்துப் பாத்திருக்க மாட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சாரு. அப்பறம், பழசத் தெறங்கக்கான்னாரு. தெறந்தேன். ஒவ்வொண்ணாப் பாத்தாரு. மொகத்துல ஒரு அசைவு இல்லீங்க. நாம ஊட்ல மளிகைக் கடை பில்லப் பாப்பமே, அப்படிப் பாத்தாரு. அழிச்சிருங்கன்னாரு. அழிச்சேன். குப்பைத்தொட்டிக்குள்ள கெடக்குமே, அதையும்னாரு. அதையும் அழிச்சேன். ரெண்டு தரம் தப்பான எடத்துல அமுத்துனேன். அவரு அவசரப்படுத்தவே இல்ல. என் நாற்காலி முதுகு மேல கைய வெச்சுக்கிட்டு, பொறுமையா, மெதுவாச் செய்யுங்க, மெதுவாச் செய்யுங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு.

எந்திரிக்கறப்ப, கால்ல ஏதோ இடறுதேன்னு குனிஞ்சு என் சாப்பாட்டுப் பைய எடுத்தாரு. பென் டிரைவு அதுக்குள்ளதான் கெடக்குது. பையத் தூக்கிப் பாத்துட்டு எங்கிட்டக் குடுத்தாரு. சாப்பாட்டு நேரம் தாண்டிருச்சு பாருங்க, சாப்பிடுங்கக்கான்னுட்டுப் போயிட்டாரு. நான் அன்னைக்குச் சாப்பிடல. அந்த ஸ்வீட்டையும் யாரையும் தொட உடல.

அந்த டீக்கடை ஓரமா பைக்குல சாஞ்சு நிக்கறாரே, உங்க கூட வந்தவருங்களா? இல்லீங்களா. சரி சரி. சும்மாத்தான் கேட்டேன். நீங்க சித்த இந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க.

பொறவு அந்த ஹரிபிரசாத் பஸ் ஸ்டாப்புல நிக்க ஆரம்பிச்சாரு. ஒண்ணும் பண்ண மாட்டாரு. பொழுதோட நான் வேலை முடிஞ்சு வர்றப்ப எதுத்தாப்ல பைக்க நிறுத்தி உக்காந்திருப்பாரு. வணக்கங்கக்கான்னுவாரு. நான் பஸ் ஏறுற வரைக்கும் பாத்துட்டு இருப்பாரு. யாருகிட்டப் போயி என்னன்னு சொல்லறது? வணக்கம் சொன்னாருன்னா? ஒருநாள் மட்டும் பக்கத்துல வந்தாரு. கொடுமுடிக்குப் போன் பண்ணீங்களாமேன்னு கேட்டாரு. எப்படித் தெரிஞ்சுதுன்னா, அந்தப் பெரியவரு மனசு பொறுக்காம, ரெண்டு கல்யாணத்தையும் பேசி முடிச்ச தரகருக்குப் போனப் போட்டுத் திட்டியிருக்காரு.

"பழசக் கெளறாதீங்கக்கா"ன்னாரு. "நீங்க தனியா வந்து போறவங்க."

அவ்ளோதான். அதே மெல்லிசான கொரலு. பஸ்ஸுல ஏறி உக்காந்து பாக்கறேன், சீட்டு ஈரமா இருக்குது. நாந்தான் நனைச்சிருக்கேன். உங்ககிட்டச் சொல்றதுல என்ன வெக்கம். அன்னைக்கு அப்படித்தான் ஆச்சு.

எங்கூட்டுக்காரர் நல்ல மனுசனுங்க. அவருக்கும் நடுக்கந்தான். நமக்கெதுக்கு இந்த வம்பு, பொண்ணூட்டுக்காரங்க கண்ணு தெரியாதவங்களா, நீ லீவப் போட்டுட்டுப் படுன்னாரு. ஓனர் அண்ணனும் அதேதான். போட்டோகிராபருங்க நம்பி வர்றாங்க, இங்க வர்ற படத்த வெச்சு ஊட்டு சமாச்சாரத்தப் பேசறாங்கன்னு தெரிஞ்சா ஒருத்தன் வர மாட்டான்னாரு. ரெண்டு பேரு சொன்னதும் சரிதான். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிட்டுப் படுத்துக் கெடந்தேன். கதவத் தாழ் போட்டுட்டு, ஜன்னலையும் சாத்திட்டு.

அப்பத்தான் அந்தப் பெரியவரு, நாச்சிமுத்து, எங்கூட்டுக்கே வந்துட்டாரு. லேப்புல கேட்டு வந்திருக்காரு. உள்ள கூப்புட்டும் வரல, செருப்பக் கழட்டிட்டு வாசப்படியிலயே நின்னாரு. கையில ஒரு மஞ்சப்பை, அதுல அந்தப் புள்ளையோட பள்ளிக்கூடச் சான்றிதழு, ஒரு மாசம் வேலைக்குப் போன கம்பெனியோட அடையாள அட்டை. அந்தப் புதுப் பொண்ணூட்டுக்குப் போறேன் அம்மிணி, நான் சொன்னா நம்ப மாட்டாங்க, புத்தி பேதலிச்ச கெழவன்னு சொல்லுவாங்க, படம் உங்ககிட்டத்தான் இருக்குது, நீங்க வந்து நின்னாப் போதும், பேசக்கூட வேண்டாம்னாரு.

நான் வர்றேன்னு சொல்லலீங்க. நல்லா ஞாபகம் இருக்குது, முடியாதுங்க, எனக்குப் பயமா இருக்குதுன்னுதான் சொன்னேன். அவரு தலைய ஆட்டிட்டுத் திரும்பி நடந்தாரு. தெருவுல போறப்ப ஒரு கையால கண்ண மறைச்சுக்கிட்டுப் போனாரு, வெய்யிலுக்குத்தான்னு வெச்சுக்குங்களேன். எனக்கு என்ன ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. முந்தானைய இழுத்துச் செருகிட்டு, பென் டிரைவ எடுத்துக்கிட்டு, பின்னாலயே ஓடியிருக்கேன். வழியில ஒரு கடையில நாலஞ்சு படம் பிரிண்ட் போட்டுக்கிட்டோம்.

பொண்ணூடு அந்தியூர்ப் பக்கம். பந்தக்கால் நட்டு, வாசல்ல கோலம் போட்டிருக்குது. பொண்ணோட அம்மா வரவேத்து உக்காரச் சொல்லுச்சு, பத்திரிக்கை வாங்க வந்த ஒறம்பரைச் சொந்தம்னு நெனச்சுக்கிட்டு. விசயத்தச் சொன்னதும் மொகம் மாறிப் போச்சு. எங்களுக்கு எல்லாம் தெரியுமுங்க, பாவம் அந்தப் பையன் சம்சாரத்தக் காய்ச்சல்ல பறிகுடுத்தவன், அவன் வாழ்க்கையில மறுக்கா மண்ணள்ளிப் போடறீங்களேன்னுச்சு.

நாச்சிமுத்து அந்தம்மாவயே பாத்தாரு.

"எம் புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா நான் கூட்டியாந்து பாத்துக்க மாட்டனுங்களா?"ன்னாரு.

பொண்ணோட அப்பா உள்ள இருந்து வந்தாரு. பணம் பறிக்க வந்திருக்கீங்களான்னாரு. போலீசக் கூப்புடுவேன்னாரு. பேச வேண்டாம்னு சொல்லித்தான கூட்டியாந்தாருன்னு நான் வாயே தெறக்கல. படங்கள மட்டும் அங்க இருந்த டீப்பாய் மேல வெச்சுட்டு, பெரியவர் கையப் புடிச்சு வெளிய கூட்டியாந்துட்டேன். வர்றப்பத் திரும்பிப் பாத்தேன். அந்தப் பொண்ணு, தாரணி, கதவு நெலையில கைய வெச்சுக்கிட்டு நிக்குது. நான் படத்துல பாத்த அதே மொகம். டீப்பாயப் பாத்துட்டு நின்னுச்சு. எங்களப் பாக்கல.

பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் நான் அந்தப் பெரியவரத்தான் திட்டிட்டு வந்தேன். மனசுக்குள்ளதான். இனி அவன் சும்மா உடுவானான்னு. அவரு என்னடான்னா, ஜன்னலோரம் உக்காந்து, கையில மிச்சமிருந்த ஒரு படத்த மடியில வெச்சு, வேட்டி நுனியால தொடச்சுட்டே வர்றாரு.

ரெண்டு மூணு நாளு கழிச்சு வேலைக்குப் போனேன். ஊட்ல தனியா இருக்கறதுக்கு அது தேவலைன்னு தோணுச்சு. போயி உக்காந்திருக்கேன், தாரணி வந்து நிக்குது. தனியாத்தான். நலங்கு வெச்ச மஞ்ச மொகத்துல இன்னம் இருக்குது. கடைக்குத் துணி மாத்தப் போறேன்னு சொல்லிட்டு, ஜெகநாதன்கிட்ட வழி கேட்டு வந்திருக்குது.

எல்லாப் படத்தையும் பாக்கோணுங்கன்னுச்சு. ஓனர் அண்ணன் என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. தடுக்கல, அது வரைக்கும் நல்லவருன்னு சொல்லோணும். பென் டிரைவப் போட்டுத் தெறந்தேன். மொத படத்துல இருந்து பாத்துச்சு. வரவேற்புப் படங்க வந்துச்சு. மேடையில ஜோடியா நிக்கறது. மாப்பிள்ளை கை பொண்ணு தோள் மேல. போட்டோகிராபருங்க எல்லாரும் அப்படித்தான் நிக்க வெப்பாங்க. ஒரு படத்துல வந்ததும், இதப் பெருசு பண்ணுங்கன்னுச்சு. மொகத்தையான்னேன். இல்ல, கையன்னுச்சு.

பெருசு பண்ணேன். கை தோள் மேல இல்லீங்க. பின்கழுத்துல, பொடணியில இருக்குது. கட்டைவெரலு காதுக்குக் கீழ, எலும்போரமா அழுந்தியிருக்குது. அந்தப் புள்ளையோட ரெண்டு தோளும் மேல தூக்கிக்கிட்டு நிக்குது. நான் அந்தப் படத்த எத்தன நாளு பாத்தவ. வெளிச்சத்தச் சரி பண்ணுனவ. சேலையோட நெறத்த ஏத்துனவ. அந்தக் கை எங்கண்ணுக்குத் தெரியவே இல்ல.

தாரணி தன் தலைமுடிய ஒரு பக்கமா ஒதுக்கி, காதுக்குக் கீழ ஒரு எடத்தத் தொட்டுக் காட்டுச்சு. அங்க அடையாளம் ஒண்ணுமில்ல. இருந்தாலும் தொட்டுக் காட்டுச்சு.

"படம் எடுக்கப் போனப்ப, நான் சிரிக்கலைன்னு இங்கதான் புடிச்சாருங்க. வெளையாட்டுக்குன்னு நெனச்சேன்."

எந்திரிச்சுப் போயிருச்சு. அப்பறம் அதுங்கிட்ட நான் பேசவே இல்ல. ஊட்ல என்ன சொல்லுச்சோ, எத்தன பேருகிட்ட மன்றாடுச்சோ, தெரியாது. கல்யாணம் நின்னு போச்சு. ஜெகநாதன் வந்து பணம் போச்சேன்னு பொலம்பித்தான் எனக்குத் தெரியும்.

நீங்க நெனைக்கறது புரியுது. அந்தாள என்ன பண்ணாங்கன்னுதான? ஒண்ணும் பண்ண முடியல. நாச்சிமுத்து மறுபடி மனு குடுத்தாரு. ஒரு கை ஒரு கழுத்துல இருந்தது எதுக்குச் சாட்சியாகும்? எந்தக் கல்யாணப் படத்துல கை இல்லாம இருக்குதுன்னு கேட்டிருக்காங்க.

அந்த ஹரிபிரசாத் பஸ் ஸ்டாப்புல மறுக்கா ஒரு நாளு நின்னாரு. இந்தத் தரம் வணக்கம் சொல்லல. நான் பஸ்ஸுல ஏறல. ஓடிப் போயி ஒரு செருப்புக் கடைக்குள்ள பூந்துக்கிட்டேன். எங்கூட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போனாரு. அதோட பஸ் ஸ்டாப்புல நிக்க என்னால முடியல. எங்கூட்டுக்காரர்தான் இந்த மைதானத்துக்குக் கூட்டியாந்து வண்டி பழக்குனாரு. அவரு பின்னால புடிச்சுட்டு ஓடி வருவாரு, உட்டுட்டன்னு சொல்லாம உட்டுருவாரு, நான் உழுவேன். முழங்கையில இன்னம் தழும்பு இருக்குது பாருங்க. ஓட்டப் பழகிட்டா நின்னுட்டு இருக்க வேண்டாமில்ல. ஓடற வண்டியில வந்து யாரும் வணக்கஞ் சொல்ல முடியாதில்ல.

வண்டி பழகியும் வேலையில இருக்க முடியலீங்க. ஒரு மொகத்தத் தெறந்தா என் கண்ணு கைக்குத்தான் போகும். எந்த ஜோடி வந்தாலும் கையப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு இருப்பேன். நல்ல கையாத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு முடிக்க வேண்டிய வேலை ஒரு வாரமாச்சு. ஓனர் அண்ணன் ஒண்ணும் சொல்லல, நானே எந்திரிச்சு வந்துட்டேன். எங்க தெருவுல ரெண்டு பொம்பளைங்க, எங்களுக்கும் பழக்கி உடு கோகிலான்னு கேட்டாங்க. அப்படியே இதுவே வேலையாப் போச்சு. இப்ப நிம்மதியாத்தான் இருக்கறேன். நெம்பர மட்டும் மாத்திக்கிட்டேன். போர்டுல என் பேரு போடல. நான் படம் எடுத்துக்கறதில்ல, யாரு எடுத்தாலும் தள்ளி நின்னுக்குவேன். ஊட்டுக்குத் தெனம் ஒரே வழியாப் போறதில்ல. அதெல்லாம் பயத்துல இல்லீங்க, ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.

வேலைய உடறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் முடிச்சேன். அந்தப் பெரியவருக்குப் படம் போட்டுக் குடுக்கறது. அவன் இல்லாத மாதிரி எம் புள்ளைய மட்டும் எடுத்துக் குடுங்கன்னு கேட்டிருந்தாரு. எனக்கு அது ஒரு பெரிய வேலையா என்னன்னு உக்காந்தேன். முடியலீங்க அக்கா. அவன வெட்டுனா அவன் கை நிக்குது. கைய எடுத்தா தோள் போயிருது. தோள வரைஞ்சு வெச்சா அது அவ இல்லாமப் போயிருது. எல்லாப் படத்தையும் தேடி, கடைசியில ஒண்ணே ஒண்ணு கெடச்சுது. விடியறதுக்கு முன்ன, மணவறையில பூக்கட்டறவங்க இன்னம் வேலை பண்ணிட்டு இருக்கறப்ப, போட்டோகிராபர் வெளிச்சம் சரியா இருக்குதான்னு பாக்க எடுத்த படம். ஆல்பத்துல சேராதது. ஒரு ஓரமா நாற்காலியில உக்காந்து, பெருசா வாயத் தெறந்து கொட்டாவி விட்டுட்டு இருக்குது அந்தப் புள்ள. கண்ணு பாதி மூடியிருக்குது. முன்பல்லு எடவெளி நல்லாத் தெரியுது.

இதப் போயி எப்படிக் குடுக்கறதுன்னு கூச்சமா இருந்துச்சு. வேற இல்லீங்கன்னு சொல்லிக் குடுத்தேன். இந்துமதியோட அம்மா வாங்கிப் பாத்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பி உட்டா இப்படித்தான் உக்காந்திருப்பான்னு சொல்லுச்சு. சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. நான் ஒண்ணையும் திருத்தல. கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பக்கூட அப்படியே உட்டுட்டேன்.

போன தை மாசம் அந்தப் பெரியவரு போன் பண்ணாரு. அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம். இந்தப் பக்கம் பொண்ணு கெடைக்கலைன்னு எங்கயோ தூரத்துல முடிச்சுட்டாங்களாம். எந்த ஊருன்னு தெரியல. பொண்ணு பேரும் தெரியல. தெரிஞ்சா மட்டும் நான் என்ன பண்ணிருவேன்? எங்கயோ ஒரு லேப்புல, எவளோ ஒருத்தி அந்த ஆல்பத்த அடுக்கியிருப்பா. அவளுக்கு அந்த மொகம் தெரியாது. தெரிஞ்ச ஒருத்தி இங்க மைதானத்துல வண்டி பழக்கிட்டு இருக்கறேன்.

எந்திரிங்க. கை நடுக்கம் நின்னுருச்சு பாருங்க. இன்னைக்கு இங்கயே நாலு சுத்து, நாளைக்கு மண்டபத்து ரோட்டுல போலாம். நாளைக்கு முகூர்த்த நாளு, வரிசையா எல்லா வாசல்லயும் பொண்ணு மாப்பிள்ளை படம் போட்டு பேனர் கட்டியிருப்பாங்க. ஒவ்வொரு மண்டபத்துகிட்டயும் நான் நிறுத்தச் சொல்லுவேன். நிறுத்திக் காலு ஊனிக்குங்க, அதுவும் ஒரு பழக்கந்தான். நான் பேனர்ல இருக்கற கையப் பாத்துட்டுப் போலாம்னு சொல்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க.